வெறுங்கையின் வம்சாவளி

1

கராத்தே எங்கிருந்து வந்தது? கேள்வி எளிமையானது, பதில்கள்தான் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஜப்பானின் சாமுராய் அறத்திலிருந்து வந்தது என்பார் ஒருவர். சீனத்து ஷாவ்லின் மடத்திலிருந்து என்பார் இன்னொருவர். ஆயுதம் பறிக்கப்பட்ட ஒகினாவா விவசாயி ராத்திரியில் ஒளிந்து பழகியது என்பார் மூன்றாமவர். நம்ம தோழர்களுக்கு ரொம்பப் பிடித்த பதில் இது. காஞ்சிபுரத்திலிருந்து கப்பலேறிப் போன போதிதருமன் கற்றுக்கொடுத்தது என்று மார்தட்டுவார் நாலாமவர். இவர் தமிழர் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

நாலு பதில்களில் எதுவும் சொல்லப்படுகிற வடிவத்தில் வரலாறாக நிற்கவில்லை. அதற்காகப் 'பொய்' என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிட முடியாது. பொய்க்கும் பிறந்த தேதி உண்டு, பெற்றவர்கள் உண்டு, அது செய்துமுடித்த வேலை என்று ஒன்று உண்டு. நீட்ஷேயை முன்வைத்து ஃபூக்கோ 1971இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆதியைத் தேடிப்போகும் ஆசையையே சந்தேகிக்கிறார். ஒரு பொருளின் தொடக்கத்தில் அதன் தூய வடிவம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் என்று நம்பிப் போகிறவனுக்கு அங்கே கிடைப்பது சச்சரவும் சிதறலும்தான் என்பது அவர் வாதம். நாமும் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப்போடலாம். கராத்தே எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டிய தேவை யாருக்கு, எப்போது, ஏன் வந்தது?

2

'கராத்தே' என்ற சொல்லை ஜப்பானிய மொழியில் இரண்டு விதமாக எழுதலாம். உச்சரிப்பு ஒன்றே. 'தே' என்றால் கை. பழைய முறையில் 'கரா'வுக்கு எழுதிய எழுத்து தாங் அரச வம்சத்தைக் குறிப்பது. பொதுவாகச் சீனம் என்றே பொருள். ஆக, சீனக் கை. இன்று உலகம் முழுக்கப் பயிற்சிக்கூடங்களின் பெயர்ப்பலகையில் இருக்கிற எழுத்துக்கோ வெறுமை, காலி, சூனியம் என்று பொருள். ஆக, வெறுங்கை. தமிழ் படித்தவர்களுக்குப் பாடபேதம் புதிதல்ல. ஏடெழுதியவன் கண் தவறினால் ஓர் எழுத்து மாறும், பொருள் தலைகீழாகும். இங்கே நடந்த பாடபேதத்தில் கைப்பிழை இல்லை. தெரிந்தே மாற்றினார்கள்.

பின்னணி இது. ஒகினாவா ஜப்பானின் ஒரு மூலையாக எப்போதும் இருந்ததல்ல. ரியூக்யூ என்பது தனி அரசு. 1372 முதல் மிங் சீனத்துக்குத் திறை செலுத்தி, அந்த உறவின் நிழலில் கடல் வணிகம் நடத்தியது. 1609இல் தென் ஜப்பானின் சட்சுமா படையெடுத்து அதை அடக்கியது. ஆனாலும் சீன வணிகத்தின் ஆதாயம் போய்விடக் கூடாதென்று, வெளிப்பார்வைக்குத் தனி அரசாகவே விட்டுவைத்தது. இரண்டு எஜமானர்களுக்கு இடையில் சுமார் இருநூற்றெழுபது வருஷம். 1879இல் மெய்ஜி அரசு ரியூக்யூ மன்னரைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, தீவுகளை ஒகினாவா மாகாணம் என்று அறிவித்தது. 1898இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஊர்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை தொங்கவிடும் வழக்கமும் இந்தக் காலத்தில்தான் பரவியது. அடுத்த பிள்ளை வாய்தவறி ஊர்மொழி பேசும்வரை பலகை இந்தப் பிள்ளையின் கழுத்திலேயே கிடக்கும். ஆகவே பிள்ளைகளே ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள்.

இந்தப் பள்ளிக்குள்தான் கராத்தே நுழைகிறது. கொண்டுபோனவர் இதோசு அன்கோ (1831-1915). பழைய ரியூக்யூ அரசில் எழுத்தராக இருந்தவர். 1901 வாக்கில் ஷுரி நகரத் தொடக்கப்பள்ளியில் ஆரம்பித்தது, 1905இல் நடுநிலைப் பள்ளிக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கும் போனது. பிள்ளைகளுக்கென்று 'பினான்' என்ற ஐந்து அடவு வரிசைகளை அவர் அமைத்தார். ஓர் ஆசான் ஒன்றிரண்டு பேருக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தது, வரிசையில் நிற்கும் நூறு பிள்ளைகள் ஒரே குரலுக்குக் கைநீட்டும் பயிற்சியாயிற்று. 1908இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதத்தில், இளமையில் கராத்தே பழகினால் பின்னால் ராணுவச் சேவைக்கு உதவும் என்ற வாதம் வெளிப்படையாகவே இருக்கிறது. போதாதென்று நெப்போலியனை வென்ற வெல்லிங்டனையும் சாட்சிக்கு அழைக்கிறார்.

ஒரே பள்ளி. நாக்கைத் தண்டிக்கிறது, கையைச் சேர்த்துக்கொள்கிறது. அதிகாரம் என்றால் அடக்குமுறை மட்டும்தான் என்று இன்னமும் மேடையில் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இந்தப் பள்ளியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

3

இதோசுவின் மாணவர்களில் ஒருவர் ஃபுனாகோஷி கிச்சின் (1868-1957). இவரது உடம்பிலேயே இந்த வரலாறு எழுதப்பட்டிருந்தது எனலாம். குடும்பம் ஜப்பானிய மாற்றங்களை எதிர்த்த பழமைவாதத் தரப்பு. குடுமியை வெட்டக் கூடாது என்பது வீட்டின் கட்டளை. குடுமி வைத்தவனுக்கு மருத்துவப் பள்ளியில் இடமில்லை. அந்தப் படிப்பு போயிற்று. பிறகு குடுமியை வெட்டிக்கொண்டு 1888இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். வீட்டில் அது பெரும் கலவரம் என்று தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தலையில் நடந்த அந்த வெட்டு, பிற்பாடு அவர் கலைக்கும் நடந்தது.

1922இல் தோக்கியோவில் கல்வி அமைச்சகத்தின் உடற்பயிற்சிக் கண்காட்சியில் அவர் கராத்தேயைக் காட்டினார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் கோதோகான் கூடத்துக்கு அழைத்தார். ஜூடோவின் வெள்ளை உடையும் இடுப்புப் பட்டையும் 'தான்' என்ற படிநிலையும் கராத்தேக்கு வந்தன. முதல் படிநிலைச் சான்றுகளை ஃபுனாகோஷி 1924இல் வழங்கினார். இன்றைக்கு நம் தெருமுனைப் பயிற்சி வகுப்பில் 'பல்லாயிரம் ஆண்டு மரபு' என்று கட்டிவிடும் கறுப்புப் பட்டைக்கு வயது நூறுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அவருடைய புத்தகத் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1922இல் வந்தது 'ரியூக்யூ கென்போ: கராத்தே'. இதில் 'கரா' சீன எழுத்து. 1935இல் வந்தது 'கராத்தே-தோ க்யோஹான்'. இதில் 'கரா' வெறுமை. சீனம் போயிற்று என்பதை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். ரியூக்யூவும் சேர்ந்து போயிருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? வந்து சேர்ந்தது 'தோ', அதாவது நெறி. ஜூடோ, கெண்டோ எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிற அதே ஒட்டு. அடவுகளின் பெயர்களும் மாறின. 'பினான்' 'ஹெய்யான்' ஆயிற்று. 'குஷான்கு' என்பது 1762இல் தோசா கரையில் ஒதுங்கிய ரியூக்யூ கப்பல்காரர்களின் வாக்குமூலத்தில் பதிவான சீனர் ஒருவரின் பெயர். அந்தப் பெயர் தாங்கிய அடவு 'கான்கு' ஆயிற்று. பெயரில் இருந்த மனிதர் காணாமல் போனார்.

மாற்றத்துக்கு ஃபுனாகோஷி சொன்ன விளக்கங்களில் ஒன்று பௌத்தத் தத்துவம்: உருவமே சூனியம், சூனியமே உருவம் என்ற இதய சூத்திரத்தின் கருத்து. கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் இந்தச் சூனியம் பாரபட்சமுள்ள சூனியம். சீனம் என்ற அடையாளத்தைக் கரைத்தது, ரியூக்யூவைக் கரைத்தது, ஜப்பான் என்ற அடையாளத்தின் மேல் கை வைக்கவில்லை. 1931இல் மஞ்சூரியாவுக்குள் ராணுவம் புகுந்தாயிற்று. சீனப் பெயரோடு ஒரு கலை ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் பந்தியில் உட்கார முடியாது. 1895இல் க்யோத்தோவில் தொடங்கிய தாய் நிப்பொன் பூத்தொக்கு காய் என்ற அமைப்புதான் அந்தப் பந்தியின் சொந்தக்காரர். 1930களில் அது கராத்தேயை ஏற்றுக்கொண்டபோதும், ஜூடோ பிரிவின் கீழேதான் இடம் கொடுத்தது.

இதைத் தோக்கியோவின் சதி என்று முடித்துவிட்டால் வேலை சுலபம். உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. 'வெறுமை' எழுத்தை ஒகினாவாவில் முன்னமே பயன்படுத்தியவர் உண்டு: ஹனாஷிரோ சோமோ, 1905இல், தன் கையெழுத்துக் குறிப்பில். பிறகு 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் 'ரியூக்யூ ஷிம்போ' செய்தித்தாள் ஒரு கூட்டம் கூட்டியது. ஹனாஷிரோ, கியான் சோதோகு, மோதோபு சோகி, மியாகி சோஜுன் முதலான ஆசான்கள் ஒருபக்கம். மாகாணக் கல்வித் துறை, காவல் துறை, ராணுவத்தின் வட்டாரத் தலைமையகம் ஆகியவற்றின் ஆட்கள் மறுபக்கம். பேச்சைத் தொடங்கிவைத்தவர் நகாசோனே கென்வா என்ற பதிப்பாளர். ஊரில் வெறுமனே 'தி', கை, என்றுதான் சொல்வோம், இல்லாவிட்டால் 'தோடீ' என்போம் என்று ஆசான்கள் நினைவுகூர்ந்தார்கள். கடைசியில் 'வெறுங்கை'க்கே இணக்கம்.

யார் இந்த நகாசோனே? ஜப்பானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவர். போருக்குப் பின் 1947இல் ஒகினாவா தனிக் குடியரசாக வேண்டும் என்று பேசிய கட்சிக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. இவரை எந்தப் பெட்டியில் போடுவது? காட்டிக்கொடுத்தவர் என்றா, விடுதலை கேட்டவர் என்றா? அதிகாரத்தின் மொழியில் எழுதினால்தான் தன் ஊர்க் கலை பிழைக்கும் என்று கணக்குப் போட்ட ஒரு தலைமுறையின் நெருக்கடி அவரிடம் தெரிகிறது.

4

இனி, தோழர்களுக்குப் பிடித்த கதை. அரசன் ஆயுதங்களைப் பறித்தான். பிறகு சட்சுமா பறித்தது. நிராயுதபாணியான உழவன் தன் கையையே ஆயுதமாக்கினான். விளிம்புநிலை மக்களின் எதிர்ப்பு மரபு! சுவரொட்டிக்கு நல்ல வாசகம்.

இதன் வேர் ஷுரி கோட்டையின் 1509ஆம் வருஷத்துக் கல்வெட்டு. மன்னர் ஷோ ஷின்னின் சாதனைகளை அடுக்கும் அது, வாளும் வில்லும் திரட்டி நாட்டுக்குக் காப்பாக வைத்ததைப் பற்றிப் பேசுகிறது. ஒகினாவா ஆய்வின் தந்தை எனப்படும் இஹா ஃபுயூ (1876-1947) இதை ஆயுத ஒழிப்பு என்று வாசித்தார். பின்வந்த நகாஹாரா சென்சூ போன்றோர், இது ஆயுதங்களைத் திரட்டிப் படைபலம் பெருக்கியதைத்தான் சொல்கிறது என்று நேர் எதிராக வாசித்தார்கள். கல்வெட்டின் ஒரு வரிக்கு எழுந்த ஒரு வாசிப்பு, இத்தனை பெரிய கதைக்கு அஸ்திவாரம். அதிலும் இஹாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அரசை இழந்த ஒரு சிறு மக்கள்கூட்டத்தின் அறிஞர், 'எங்கள் முன்னோர் ஆயுதத்தைத் துறந்தவர்கள்' என்று வாசிக்க விரும்பியதில் ஒரு ஏக்கம் இருக்கிறது.

ஆனால் பதிவுகளில் பெயர் உள்ள ஆசான்கள் யார்? மட்சுமுரா சோகோன் ரியூக்யூ மன்னர்களின் மெய்க்காவல் பணியில் இருந்தவர். இதோசு அரசு எழுத்தர். மோதோபு சோகி அரச குடும்பத்தின் கிளை. கியானும் மேல்தட்டுக் குடும்பம். கராத்தேயின் தெரிந்த முகம் ஷுரி, நாஹா நகரங்களின் பட்டம் பெற்ற வர்க்கத்தின் முகம். உழவர் கை வீசவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆவணத்தில் ஏறியது அவர் கை அல்ல. மேல்தட்டின் கலைக்கு உழவனின் வேர்வையைப் பூசி விற்பது உழவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவனை இரண்டாம் தடவை அழிப்பது அது.

5

போதிதருமனுக்கு வருவோம். 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்துக்குப் பிறகு இந்தக் கதையை மறுத்துப் பேசுவது தமிழ்த் துரோகம் ஆகிவிட்டது.

கதையின் சங்கிலி இப்படி: பல்லவ இளவரசர் சீனம் போனார், ஷாவ்லின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார், அது ஒகினாவா போய்க் கராத்தே ஆயிற்று. ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்கலாம். போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 547ஐச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகப் பகுதித் துறவி என்கிறது. தென்னிந்தியர் என்று வேறு பழைய குறிப்புகள் சொல்கின்றன; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம், 1004இல் தொகுத்த நூலில் வரும் ஒரு நாட்டுப் பெயரின் சீன ஒலிப்பை வைத்து நவீன காலத்தவர் செய்த ஊகம். ஷாவ்லின் மடம் 495இல் கட்டப்பட்டது வேறொரு இந்தியத் துறவியான பாத்துவோவுக்காக. போதிதருமரை உடற்பயிற்சியோடு முடிச்சுப்போடும் 'யிஜின் ஜிங்' 1624ஆம் வருஷத்துப் படைப்பு. பழமையைக் காட்டும் அதன் முன்னுரைகள் போலி. அவர் இறந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருஷம் கழித்து! சீன அறிஞர் டாங் ஹாவ் 1930இலேயே ஷாவ்லின் கதைகளை ஆராய்ந்து இந்தப் புனைவைப் போட்டு உடைத்துவிட்டார். தேசப் பெருமை கொதித்துக்கொண்டிருந்த சீனத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்னொரு சாட்சி நம் முன்னாலேயே இருக்கிறார். இதோசுவின் 1908 கடிதம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்ஃபூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்ற அறிவிப்போடு. ஆசானே சொல்லிவிட்டார். அவருடைய மாணவர் ஃபுனாகோஷிதான் பின்னால் தன் நூலில் போதிதருமர் கதையைச் சேர்த்துக்கொள்கிறார். சீன எழுத்தைக் கழற்றிய அதே புத்தகத்தில், சீனத்தையும் தாண்டிய ஓர் ஆதி தேவைப்பட்டிருக்கிறது. தூரத்து ஆதி பக்கத்து ஆதியைப் போல் உரிமை கேட்டு வராது.

தமிழ்ப் பெருமை இங்கே செய்வதென்ன? தோக்கியோ செய்ததையே, கொஞ்சம் தாமதமாக. ஜப்பான் ஒகினாவாவின் பெயரை அழித்துச் சூனியம் என்று எழுதியது. நாம் அந்தச் சூனியத்தில் காஞ்சிபுரம் என்று எழுதப் பார்க்கிறோம். இரண்டு எழுத்திலும் ஒகினாவாக்காரருக்கு இடமில்லை. ஒடுக்கப்பட்ட மொழிக்காரர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொண்டே, ஊர்மொழி பேசியதற்காகக் கழுத்தில் பலகை சுமந்த இன்னொரு மக்களின் உழைப்பை எடுத்து நம் மூதாதையின் கணக்கில் வரவு வைக்கிறோம். இதில் கூச்சமே வரவில்லையென்றால் என்ன மொழி உணர்வு அது?

6

ஆதி கிடைக்காவிட்டாலும் குரு-சீடச் சங்கிலியாவது உறுதியாக இருக்குமே என்று கேட்கலாம். அதுவும் கைக்கு வந்தால் நழுவுகிறது. மியாகியின் ஆசான் ஹிகாவோன்னா கான்ரியோ (1853-1915) சீனத்தின் ஃபூஜோவுக்குப் போய் 'ரியூ ரியூ கோ' என்பவரிடம் கற்றார். யார் இந்த ரியூ ரியூ கோ? வெள்ளைக் கொக்கு மரபின் சியே சோங்ஷியாங் என்பவர்தான் என்று ஒரு கட்சி. அவர் பிறந்தது 1852இல், சீடனைவிட ஒரே வயது மூத்தவர் எப்படி ஆசான் ஆவார் என்று எதிர்க்கட்சி. மியாகி 1934இல் எழுதிய அறிமுகக் கட்டுரையில் தோற்றக் கொள்கைகளை வரிசைப்படுத்திவிட்டு, ஆதாரம் போதாது என்கிறார். சந்தேகப்படும் துணிச்சல் ஆசான்களிடம் இருந்தது. சீடர்களிடம்தான் அது வற்றிப்போயிற்று.

ஆவணமும் எரிந்தது. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒகினாவாப் போரில் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்தார்கள். ஷுரி கோட்டை சாம்பலாயிற்று. ஊர்மொழி பேசுகிறவனை உளவாளியாகக் கருதித் தண்டிக்கும்படி ஜப்பானிய ராணுவமே உத்தரவு போட்டிருந்தது. 1936 கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஹனாஷிரோ, கியான் இருவரும் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. எழுத்தை மாற்றிக்கொண்டதால் யாரும் ஜப்பானியராக ஏற்கப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதே விளையாட்டு கொரியாவில் எப்படித் திரும்பியது என்றும் பார்க்க வேண்டும். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி அது. ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பிய கொரியர்கள் ஊரில் கூடங்கள் திறந்தார்கள். சிலர் வைத்த பெயர் 'தாங்சூ'. ஃபுனாகோஷி கழற்றிய அதே 'சீனக் கை' எழுத்துகளின் கொரிய உச்சரிப்பு! 1955இல் 'டேக்வாண்டோ' என்ற பெயர் வந்தது. பழைய ஹ்வாராங் வீரர்களும் டேக்க்யோன் விளையாட்டும் அதற்கு முன்னோர் ஆனார்கள். அதை முன்னின்று செய்த ஜெனரல் சோய் ஹோங் ஹியின் 1965ஆம் வருஷத்து நூலில் ஷோதோகான் கராத்தேயின் அடவுகள் அப்படியே இருக்கின்றன. காலனியம் ஒகினாவாவிடம் செய்ததைக் காலனியப்பட்டவர் கராத்தேயிடம் செய்தார். ஜப்பானியக் கராத்தேயின் பெரும் பெயர்களில் ஒன்றான ஒயாமா மசுதாட்சு கொரியராகப் பிறந்தவர் என்பது இந்த முடிச்சை இன்னும் இறுக்குகிறது. தேசம் என்ற பெட்டிக்குள் இந்தக் கை அடங்குவதே இல்லை.

7

அப்படியென்றால் எல்லாமே புனைவு, யாருக்கும் உரிமை இல்லை என்று கைகழுவலாமா? கூடாது. 'எல்லாம் கட்டமைக்கப்பட்டதே' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற விமர்சனம் பலசாலிக்கே சாதகம். கட்டமைக்கும்போது யார் கையில் பேனா இருந்தது, யார் கழுத்தில் பலகை இருந்தது என்ற வித்தியாசம் அப்படியேதான் நிற்கிறது. தூய ஆதி இல்லை என்பதால் அநீதியும் இல்லை என்று ஆகாது. ஒகினாவாவின் கலையில் சீனம் உண்டு, அதில் அவர்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை, பெயரிலேயே வைத்திருந்தார்கள். கடன் வாங்கியதைப் பெயரிலேயே ஒத்துக்கொண்ட மரபு அது. கடனை மறைப்பதுதான் பெருமை என்று கற்றுக்கொடுத்தது தேசியம்.

2005இல் ஒகினாவா மாகாண சபை அக்டோபர் 25ஐக் 'கராத்தே நாள்' என்று தீர்மானித்தது. தங்கள் பெயர் மாற்றப்பட்ட நாளையே தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடிமைப்புத்தி என்று நாம் இங்கிருந்து சொல்லிவிடலாம். அந்த நாளைச் சொல்லித்தான் கராத்தே ஒகினாவாவுடையது என்று அவர்கள் உலகத்துக்கு ஞாபகப்படுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் அடவுப் போட்டியின் ஆண்கள் தங்கத்தை வென்றவர் ஒகினாவாவின் கியூனா ரியோ. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஒகினாவாக்காரர். ஏறியது ஜப்பானியக் கொடி. அவர் கையில் பிடித்திருந்தது செத்துப்போன தன் அம்மாவின் படம்.

அந்தப் படத்தில் போதிதருமர் இல்லை, சாமுராய் இல்லை, கற்பனை உழவனும் இல்லை. வம்சாவளி பேசுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்: பெயர் தெரிந்தவர்களிடமிருந்து, யாரிடம் கற்றோம் என்று சொல்ல முடிகிற தூரத்திலிருந்து. அதற்கு அப்பால் நீட்டும்போது, யாருடைய இடத்தில் கால் வைக்கிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.